பாறையும் சிறு விரிசலும்



திருவானைக்காவலில் குடியிருக்கும் நாம் தெற்கே கண்ணை உயர்த்தினால், காவிரிக்கு அப்பால் மலைக்கோட்டைப் பாறை நிற்கிறது. ஏறத்தாழ 270 அடி உயரம். நம் பாட்டனார் கண்டதும் அதே பாறை. நம் பேரப்பிள்ளைகள் காணப்போவதும் அதே பாறை. ஆகையால் உறுதியான ஒருவரைப் பற்றிப் பேசும்போது "அவர் மலை மாதிரி" என்கிறோம். ஆயினும் நம் முன்னோர் இன்னொரு பழமொழியையும் சொல்லி வைத்தார்கள்: எறும்பு ஊரக் கல்லும் தேயும். இவ்விரண்டில் எது மெய்? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். பேசுவதற்கு முன் என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன், மழைக்காலம் முடிந்த சமயம், நமது கோவில் மணிக்கூண்டின் மேல்வரிசைக் கற்களுக்கு இடையில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. காக்கை எச்சத்தில் வந்த விதையாக இருக்கும். இரண்டே இலை. கோவில்பிள்ளை அதைக் காட்டி, "சாமி, ஏணி எடுத்து வரட்டுமா? இப்பவே பிடுங்கிப் போட்டுடலாம்" என்றார். "பெருநாள் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பெருநாள் முடிந்தது. பிறகு தபசுகாலம் வந்தது. பிறகு புதுநன்மைப் பிள்ளைகளின் ஆயத்தம் வந்தது. கன்று கண்ணில் படும்போதெல்லாம், இது என்ன செய்துவிடும் என்று எண்ணிக்கொண்டேன். சென்ற ஆண்டு சுண்ணாம்புக் காரை உதிரத் தொடங்கியபோது கொத்தனாரை அழைத்தோம். அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "சாமி, வேர் கை மொத்தம் உள்ளே போயிருக்கு, நாலு வரிசைக் கல்லையும் இறக்கித்தான் கட்டணும்" என்றார். அப்படியே செய்தோம். அந்தச் செலவில் ஒரு பகுதி, ஏழைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கென்று நீங்கள் உண்டியலில் போட்ட பணம். இரண்டு விரலால் பிடுங்கியிருக்க வேண்டியதற்கு அவர்களுடைய புத்தகப்பணம் போயிற்று. அந்தத் தொகையை நான் சிறுகச் சிறுகத் திருப்பி வைத்து வருகிறேன். இதை வெளியே சொல்லாமல் பிரசங்கம் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்நாள் முதல் கல் எப்படி உடைகிறது என்பதைக் குறித்துச் சற்று அக்கறையுடன் படித்து வந்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

கல் எவ்வாறு சிதைகிறது

நமது நாட்டின் கருங்கற்பாறைகள் பூமிக்கடியில் பல மைல் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் பாரத்திலும் உருவானவை. அவற்றின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள். மேலே இருந்த பாறையெல்லாம் யுகயுகமாய்த் தேய்ந்துபோக, ஆழத்திலிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. பாரம் நீங்கியவுடன் பாறை சற்றே விரிகிறது. விரியும்போது வெங்காயத்தின் சருகு போலத் தகடு தகடாய்ப் பிரிகிறது.

இதோடு வெயிலும் சேருகிறது. சித்திரை மாதத்து நடுப்பகலில் மலைக்கோட்டைக் கல்லில் வெறுங்காலை வைத்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். ஆனால் அந்தச் சூடு கல்லின் உள்ளே வெகுதூரம் இறங்குவதில்லை. மேல்தோல் சூட்டில் விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. உட்புறமோ அப்படியே இருக்கிறது. இப்படி நாள்தோறும் இழுபட்டு மேல்தோல் தளர்ந்து போகிறது. குளிர்ந்த தேசங்களில் வேலை இன்னும் விரைவாக நடக்கும். விரிசலில் தங்கிய தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது, தன் அளவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கிறது. இரும்புக் குழாயையே வெடிக்கச் செய்யும் அந்தப் பலத்துக்குக் கல் எம்மாத்திரம்?

நமது ஊரில் பனியின் வேலையை மழைநீர் வேறு விதமாகச் செய்கிறது. வானத்திலிருந்து இறங்கும் நீர், காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு வருகிறது. ஆகையால் அதில் மிக மெல்லிய புளிப்பு உண்டு. நாம் குடித்தால் தெரியாது, கல்லுக்குத் தெரியும். கருங்கல்லில் பெல்ஸ்பார் என்னும் கனிமம் மிகுதி. மழைநீர் பட்டுப் பட்டு அது களிமண்ணாக மாறிவிடுகிறது. அது மாறியதும், அதனோடு பின்னிக்கொண்டிருந்த மற்ற மணிகள் பிடிப்பை இழந்து உதிர்கின்றன. அவற்றில் குவார்ட்சு எளிதில் கரையாது, அதுதான் ஆற்றுமணல். காவிரி மணலைக் கையில் அள்ளினால் மின்னுகிறதே காக்காப்பொன், அதுவும் ஒருகாலத்தில் ஏதோ ஒரு பாறையின் உள்ளே இருந்ததுதான். கடைசியாக, விரிசலில் நுழையும் வேர். அதன் வேலையை நமது மணிக்கூண்டிலேயே பார்த்துவிட்டோம்.

இவையெல்லாம் எங்கே நடக்கின்றன என்பதைக் கவனியுங்கள். முழுக்கல்லின் மேல் விழுந்த மழை வழிந்து போய்விடுகிறது. விரிசலில் விழுந்த மழையோ உள்ளே தங்குகிறது. திருச்சியின் சமவெளியில் மலைக்கோட்டையும் பொன்மலையும் தனித்து நிற்பதற்கும் இதுவே காரணம். அவை தரையைப் பிளந்துகொண்டு எழும்பியவை அல்ல. அவற்றைச் சுற்றிலும் ஒருகாலத்தில் அதே உயரத்தில் கல் இருந்தது. விரிசல் மிகுந்த இடங்களில் தண்ணீர் புகுந்து, அவை மண்ணாகி, அடித்துச் செல்லப்பட்டன. விரிசல் குறைந்த இடம் எஞ்சி நிற்கிறது. அதையே நாம் மலை என்கிறோம்.

நீர் எவ்வாறு அரித்துச் செல்கிறது

பிரியமானவர்களே, சிதைவது வேறு, அரிபடுவது வேறு. கல் தன் இடத்தில் இருந்தபடியே தளர்வது சிதைவு. தளர்ந்ததை நீரோ காற்றோ தூக்கிச் செல்வது அரிப்பு. முதலாவது சத்தமில்லாமல் நடக்கிறது. இரண்டாவதுதான் ஊரார் கண்ணுக்குத் தெரிகிறது.

குடகு நாட்டுத் தலைக்காவிரியில் பிறந்து கடல் சேரும்வரை காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது. சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் பாறையின் மேல் விழுந்து, கல்லைக் கல்லால் உரசி, ஓரங்களை மழுக்கி, பெருங்கல்லைக் கூழாங்கல்லாக்கி, கூழாங்கல்லை மணலாக்கிக் கீழே கொண்டுவருகிறது. நம் இந்து சகோதரர்கள் இவ்வூரை ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரிய தலமாகப் போற்றுகிறார்கள். மண்ணைப் பார்த்தாலும் இது நீரால் ஆன ஊர்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நாம் வாழும் இந்தத் தீவு, மேற்கே எங்கோ தேய்ந்த மலைகளின் மணலும் வண்டலும் படிந்து உண்டானது.

அந்தக் கொள்ளிடத்தில் நம் கண்முன் நடந்த ஒன்றை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலம் 1928-ல் கட்டப்பட்டது. நம்மில் மூத்தவர்கள் அதன் மேல் மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலும் போய்வந்தவர்கள். 2016-ல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபின் அதில் வண்டிகள் ஓடவில்லை. 2018 ஆகஸ்டு மாதம் கர்நாடகத்து அணைகளும் மேட்டூரும் நிரம்பி, கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டபோது, அதன் தூண்கள் சாய்ந்து, மேலிருந்த இரும்புச் சட்டங்கள் ஆற்றில் விழுந்தன. கரையில் கூட்டங்கூட்டமாய் நின்று பார்த்தோம். அதே மாதம் 22-ந் தேதி இரவு, முக்கொம்பில் ஆர்தர் காட்டன் காலத்தில், 1830-களில், அமைந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன.

"வெள்ளம் பாலத்தைத் தள்ளிவிட்டது" என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் 2005-ம் ஆண்டின் பெருவெள்ளத்திலும் அதே பாலம் நின்றதே! அப்போது நின்றது, பிறகு ஏன் விழுந்தது? ஆற்றில் தூண் நின்றால், ஓடிவரும் நீர் அதன் அடியில் சுழித்து மணலைத் தோண்டும். தோண்டிய பள்ளத்தை மேலிருந்து வரும் மணல் மீண்டும் நிரப்பும். அதுதான் ஆற்றின் ஒழுங்கு. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. கீழேயோ பல ஆண்டுகளாக லாரி லாரியாக மணலை அள்ளினார்கள். வரவு குறைந்து செலவு பெருகினால் எந்தக் குடும்பம் நிற்கும்? ஆற்றின் படுகை தாழ்ந்தது. மணலுக்குள் புதைந்திருக்க வேண்டிய தூண்களின் அடிப்பாகம் வெளியே தெரிந்தது. விழுந்தது ஓர் இரவில். விழுவதற்கான காரணம் பல ஆண்டுகளாகக் கூடிக்கொண்டிருந்தது.

ஆண்டவர் கற்பாறையின் மேல் வீடு கட்டியவனையும் மணலின் மேல் கட்டியவனையும் குறித்துச் சொன்ன உவமையை அர்ச். மத்தேயு தமது சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இருவருக்கும் ஒரே மழை, ஒரே வெள்ளம், ஒரே காற்று. வெள்ளம் வந்த அன்று அஸ்திவாரம் எதுவென்று தெரிந்ததேயொழிய, அஸ்திவாரம் அன்று போடப்பட்டதல்ல.

ஆத்துமத்தின் விரிசல்

பிரியமானவர்களே, இப்போது உங்கள் வீட்டையும் என் ஆத்துமத்தையும் பார்ப்போம்.

சாவான பாவம் என்றால் நாம் நடுங்குகிறோம், நடுங்கவும் வேண்டும். அற்பப் பாவம் என்றால், அரசங்கன்றைப் பார்த்து நான் எண்ணியதைப்போல், இது என்ன செய்துவிடும் என்று எண்ணுகிறோம். இன்றிரவு அசதி, ஜெபம் நாளைக்கு. இந்த ஞாயிறு விருந்தாளி வந்திருக்கிறார்கள், பூசை அடுத்த ஞாயிறு. கடையில் தராசு ஒரு இழை சாய்ந்தால் யாருக்குத் தெரியும்? மனைவியிடம் ஒரு கடுஞ்சொல். பரவாயில்லை, அவள் பழகிப்போனவள். இவற்றில் ஒன்றேனும் ஒரு மனிதனை ஒரு நாளில் கெடுத்ததில்லை. மழைத்துளி ஒன்று எந்தக் கல்லையும் உடைத்ததில்லை. ஆனால் துளி விரிசலில் தங்குகிறது.

பாறை என்னும் பொருளுள்ள பெயரை ஆண்டவரே அளித்த அர்ச். இராயப்பரை நினைத்துப் பாருங்கள். அவர் மறுதலித்தது பிரதான குருவின் முற்றத்தில் என்கிறோம். அங்கேதான் அது வெளியே தெரிந்தது. அதற்கு முன்னமே அவர், எல்லாரும் ஓடினாலும் நான் ஓடேன் என்று தம்மையே நம்பிக்கொண்டார். பூங்காவனத்தில் விழித்திருக்கச் சொன்னபோது தூங்கிப்போனார். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது தூரத்தில் பின்தொடர்ந்தார். பிறகு, சத்துருக்கள் மூட்டிய நெருப்பில் அவர்களோடு நின்று குளிர்காய்ந்தார். இவற்றில் எதையும் நாம் பெரும் பாதகம் என்று சொல்லமாட்டோம். அதன்பின் வெள்ளம் வந்தது. எப்பேர்ப்பட்ட வெள்ளம்? ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்வி! அவ்வளவுக்கே பாறை விழுந்தது.

நான் முன்பு பணிபுரிந்த பங்கு ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். பதினோரு வருஷம் பேச்சில்லை. ஒரே கோவிலில், ஆளுக்கொரு பக்கம் முழந்தாளிடுவார்கள். அண்ணனுக்கு நோய் முற்றி அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போனபோது, "தம்பியை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னதான் காரணம் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். மகள் கலியாணத்துப் பத்திரிகையைத் தம்பி வீட்டுக்குத் தாமே கொண்டுபோகாமல் பையனிடம் கொடுத்தனுப்பினாராம். தம்பி கலியாணத்துக்கு வந்து சாப்பிடாமல் போனாராம். அடுத்த மாதம் தம்பி வீட்டுக் காதுகுத்துக்கு இவர் போகவில்லையாம். "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் சாமி" என்று அவரே திகைத்துப்போய்ச் சொன்னார். "வரச் சொல்லுங்க" என்றார். தம்பி வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அண்ணனுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. "அண்ணே" என்று கையைப் பிடித்தார். அண்ணன் கண்ணில் நீர் வழிந்தது. வார்த்தை வரவில்லை. ஆண்டவர் அந்தக் கண்ணீரை ஏற்றுக்கொண்டார் என்றே நம்புகிறேன். ஆனால் பதினோரு வருஷம்? கடலுக்குப் போன மணல் ஆற்றில் எதிரேறி வருவதில்லை.

செய்ய வேண்டியது என்ன

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தி அனுப்புவது என் எண்ணம் அல்ல. மலைக்கோட்டையின் மேற்குடைவரையில் 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்த எழுத்துக்கள் ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கத்தக்கவையாய் இருக்கின்றன. வெளியே நிற்கும் கல்லும் அதே கல்தான். குகைக்குள் இருப்பது வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி இருக்கிறது, ஆகையால் நிலைத்தது. நமக்கும் ஒதுங்க இடம் உண்டு. ஈட்டியால் திறக்கப்பட்ட சேசுநாதருடைய திருவிலாவை விடப் பத்திரமான குகை எது? திவ்விய நற்கருணையை அடிக்கடி பெறும் ஆத்துமத்தின் மேல் உலகத்தின் வெயிலும் மழையும் அவ்வளவு எளிதில் ஏறுவதில்லை.

பாலத்தைக் காப்பவர்களிடமும் கற்றுக்கொள்ளலாம். ஆறு வற்றியிருக்கும் காலத்தில்தான் அவர்கள் தூணின் அடியைப் பார்க்க முடியும். அப்போதுதான் கல்லைக் கொட்டிப் பலப்படுத்த முடியும். வெள்ளம் வந்தபின் கரையில் நின்று பார்க்கத்தான் முடியும். ஆகையால் சோதனை இல்லாத நாளில், உடம்பில் தெம்பும் நாவில் பேச்சும் இருக்கும் நாளில், இந்த மூன்றையும் செய்யுங்கள்.

முதலாவது, ஒவ்வோர் இரவும் படுக்குமுன் ஐந்து நிமிடம் ஆத்தும சோதனை. இன்று எங்கே விரிசல் விட்டது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது, இந்த மாதம் முடியுமுன் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம். பெரும் பாவம் ஒன்றுமில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு இலையாய் இருக்கும்போதே பிடுங்குவது எளிது. மூன்றாவது, நீங்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட ஒருவர் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். பத்திரிகையைக் கொடுத்தனுப்புவதுபோல் ஆளை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. தேய்வதெல்லாம் நஷ்டம் அல்ல. கல் கல்லாகவே இருந்திருந்தால் தஞ்சைச் சீமையில் ஒரு நெற்கதிர் விளைந்திருக்காது. பாறை மண்ணான இடத்தில்தான் விதை வேர் விடுகிறது. கற்பாறையில் விழுந்த விதை கருகிப்போனதை ஆண்டவர் விதைக்கிறவன் உவமையில் சொல்லியிருக்கிறார். பாவம் நம்மைத் தேய்த்தால் நாம் அழிவோம். மனஸ்தாபம் நம்முடைய கடினத்தைத் தேய்த்தால் அங்கே தேவ இஷ்டப்பிரசாதம் முளைக்கும். சேவல் கூவியபின் ஆண்டவர் திரும்பிப் பார்த்த ஒரு பார்வையில் இராயப்பர் வெளியே போய்க் கசந்து அழுதார். அன்று தொடங்கிய அழுகை சாகுமட்டும் ஓயாமல், அவருடைய கன்னங்களில் கண்ணீர் இரண்டு தடம் வெட்டிவிட்டது என்று பழைய பாரம்பரியம் ஒன்று சொல்லுகிறது. நீர் பாறையில் தடம் போட்டது. அந்தப் பாறையின் மேல்தான் ஆண்டவர் தமது திருச்சபையைக் கட்டினார்.

மணிக்கூண்டின் மேல்வரிசையை இப்போது ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நானே ஏறிப் பார்த்து வருகிறேன். நீங்களும் உங்கள் மணிக்கூண்டைப் பாருங்கள். சர்வேசுரன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சாமியார்